குணசாலிக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள்

முதலில் தேவன், இரண்டாவது குடும்பம், மூன்றாவது வேலை. எங்கள் சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யார் செய்தி கொடுக்க வந்தாலும் இந்த வரிசையைச் சொல்லாமல் ஊர் திரும்புவதில்லை. நாங்களும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் நோட்டில் எழுதிக்கொள்வோம்.

வரிசையோடு எனக்குச் சண்டை கிடையாது. நான் வங்கி அதிகாரி. டோக்கன் கொடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவதுதான் என் பிழைப்பு. ஆனால் இந்த மூன்று பேரும் ஒரே டோக்கனோடு காலை ஐந்தரைக்கு வந்து நிற்கிறார்கள். ஐந்தரைக்குத்தான் வேதம் வாசிக்க வேண்டும். ஐந்தரைக்குத்தான் குக்கர் ஏற வேண்டும். மேலதிகாரி ஒருவர் அதிகாலை நடைப்பயிற்சிக்காரர் என்பதால், அன்றைய டெபாசிட் இலக்கும் ஐந்தரைக்கே வாட்ஸாப்பில் வந்து விழும். அவருக்கு வேர்க்க வேர்க்க எங்களுக்கும் வேர்க்கும்.

"அப்ப நாலரைக்கு எந்திக்க வேண்டியதுதானேம்மா?" என்பார்கள் அத்தை. அவர்களுடைய ஆதாரம் நீதிமொழிகள் 31. திருநெல்வேலிப் பக்கம் அந்த அதிகாரம் வாசிக்கப்படாத கிறிஸ்தவக் கல்யாணம் அபூர்வம். குணசாலியான ஸ்திரீ இருட்டோடே எழுந்திருக்கிறாள், இரவிலும் விளக்கை அணைப்பதில்லை. எப்போது தூங்கினாள் என்று அதிகாரம் முழுக்கத் தேடிவிட்டேன், இல்லை.

ஒரு வங்கிக்காரியாக அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு. நிலம் பார்த்து வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். கடன் கேட்டு வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆனால் 15-ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கல்யாணப் பிரசங்கங்களில் ஐயர்மார் அந்த இடம் வந்ததும் வேகம் பிடித்துவிடுவார்கள். 23-ஆம் வசனத்தில் புருஷன் ஊர்வாசலில் மூப்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். என் கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். வேதம் இந்த ஓரிடத்தில் எங்கள் வீட்டில் அப்படியே நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் மேலே போனால், அந்த அதிகாரம் தொடங்குவதே லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் போதித்தது என்றுதான். ஆக, மகனுக்குப் பெண் தேடும் ஒரு மாமியார் போட்ட பட்டியல். இந்த ஆராய்ச்சி முடிவை ஒருநாள் அத்தையிடம் பவ்யமாகச் சமர்ப்பித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தம்மா பெத்தது ராஜா. அப்ப நான் பெத்தது ராஜா இல்லைங்கியோ?" என்றார்கள். பக்கத்தில் ராஜா சீப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடியாதா என்று அவர் சில சமயம் கேட்பார். கவுண்டரைக் கழற்றியா எடுத்துவர முடியும்? எனக்குத் தெரிந்து பாளையங்கோட்டைக்காக வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்து ஜெயித்தவர் மிஸ் சாராள் தக்கர்தான். இங்கிலாந்தில் இருந்தபடியே இங்கத்திப் பெண்கள் படிக்கப் பணம் திரட்டி அனுப்பினார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. இன்றைக்குப் பள்ளியும் கல்லூரியும் அவர் பெயரைச் சொல்கின்றன. 'மிஸ்' என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. கோயிலில் நான் பேங்க்காரி. அசன விருந்துக் கணக்கு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் எத்தனை கை மாறியது என்ற கணக்கு எல்லாம், "நீதான் பேங்க்ல இருக்கியே" என்று என் மடிக்கு வரும். பேங்க்கில் நான் கோயில்காரி. சர்வர் படுத்துவிட்டால், "மேடம், கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க" என்று சக ஊழியர்கள் உண்மையாகவே கேட்பார்கள். பண்ணியிருக்கிறேன். வந்தும் இருக்கிறது. வீட்டில் மட்டும் இந்த இரண்டு தகுதிக்கும் மதிப்பில்லை. அங்கே கேள்வி ஒன்றுதான்: மாவு இருக்கா?

இந்த மூன்று பேரும் ஒரே நாளில் மோதியது 2024-ல். ஈஸ்டர் மார்ச் 31-இல் வந்தது. வங்கிக்காரர்களுக்கு மார்ச் 31 என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறுதானே, தப்பித்தோம் என்று இருந்தோம். அரசாங்கக் கணக்கு வழக்குக்காக அன்றைக்கும் வங்கிகளைத் திறந்து வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. முந்தின நாள் ஐந்தாவது சனிக்கிழமை. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளுக்குத்தான் விடுமுறை. அதுவும் போயிற்று.

பெரிய வெள்ளி மட்டும் விடுமுறை. மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். மூன்றாவது வார்த்தை, சிலுவையிலிருந்து தாயைச் சீஷனிடம் ஒப்படைக்கிற வார்த்தை. பிரசங்கி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது முன்வரிசையிலிருந்து அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

சனிக்கிழமை ராத்திரி வீடு திரும்பப் பத்து மணி தாண்டிவிட்டது. மாவு ஆட்ட ஆளில்லை என்று என் கணவர் முன்யோசனையோடு கடையில் இரண்டு பாக்கெட் மாவு வாங்கி வைத்திருந்தார். "கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள்ல பாக்கெட் மாவாலே?" என்று அத்தை கேட்டதில் அவர் தலை கவிழ்ந்தது. இத்தனைக்கும் லெந்து நாற்பது நாளில் ஞாயிற்றுக்கிழமை சேராது என்று சபைச் சட்டம் பேசி, ஞாயிறுதோறும் கறி சாப்பிட்டவர் அவர். ஈஸ்டர் இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் தனியாகக் காத்திருக்க அவருக்கு நியாயமே இல்லை.

அதிகாலை ஆராதனை நாலு மணிக்கு. நான் எழுந்தது மூன்றுக்கு. குழம்பைக் கூட்டி இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தால், கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றி ஐயரவர்கள் பிரசங்கம். ஓய்வுநாள் முடிகிறவரை காத்திருந்து கந்தவர்க்கம் வாங்கி, இருட்டோடே கிளம்பிப் போகிறார்கள். கல்லை யார் புரட்டுவார் என்று அவர்கள் கவலைப்பட்டது விசுவாசக் குறைவு என்றார்கள் ஐயரவர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீஷர்களில் ஒருவரையாவது கூட்டிப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். எழுப்பி, காபி கொடுத்து, சட்டையை எடுத்துக் கொடுத்துக் கிளப்புவதற்குள் விடிந்துவிடும். அந்தப் பெண்கள் திரும்பி வந்து சொன்ன செய்தியையும் உள்ளே இருந்த ஆண்கள் நம்பவில்லை என்று லூக்கா எழுதியிருக்கிறார். முதலில் தேவன், இரண்டாவது குடும்பம் என்றெல்லாம் அந்தப் பெண்கள் நோட்டில் எழுதியதாகத் தெரியவில்லை. கையில் சாமானோடு போய் நின்றார்கள், அவ்வளவுதான். அந்த நிமிஷம் அவர்கள் எனக்குச் சக ஊழியர்களாகவே தெரிந்தார்கள்.

ஒன்பதரைக்கு பேங்க். வரி கட்ட வந்த நாலைந்து பேரைத் தவிரக் கூட்டம் இல்லை. அது ரம்ஜான் மாதம். மேலாளர் நோன்பு. ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "சீக்கிரமே எழுந்திருச்சிருப்பீங்களே மேடம்?" என்றார்.

"மூணு மணிக்கு சார்."

"எங்க வீட்லயும் சஹருக்கு மூணு மணிக்கே லைட் எரிஞ்சிருச்சு."

"யார் போட்டது சார்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்கதான்" என்றார். பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டு ஒரு சலானை ரொம்ப நேரம் சரிபார்த்தார்.

சாயங்காலம் கணக்கு நேராகி வீட்டுக்கு வந்தபோது ராஜா ஒரு தாளோடு உற்சாகமாக இருந்தார். ஈஸ்டர் மறுபடி மார்ச் 31-இல் வருவது 2086-இல்தானாம். "இனி உனக்குக் கவலையே இல்ல" என்றார். 2029-இல் ஈஸ்டர் ஏப்ரல் 1, அதற்கு முந்தின நாள் ஐந்தாவது சனிக்கிழமை, கணக்கு முடித்துவிட்டு நேராகக் கோயிலுக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அத்தை மட்டும் 2086-ஐ மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். "அதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிருவல்லா? அந்த வருஷம் பாக்கெட் மாவு வேண்டாம். நிதானமா ஆப்பத்துக்கே ஊறப் போட்டுருவோம்."