‘ஒரு எட்டு பாத்துக்கங்க’: தேனி வட்டாரத்தில் நாய் பார்க்க ஆள் அமர்த்துதல் குறித்து ஓர் ஆய்வு

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. அதைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. ஆனால் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டு நாயை யாரிடம் விடுகிறார்கள், என்ன வாசகம் சொல்லி விடுகிறார்கள், திரும்பி வந்ததும் என்ன கொடுக்கிறார்கள் என்ற மூன்று வினாக்களை அறிவுலகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பழியைத் துடைக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம், பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெரு. ஆய்வுப்பொருள், மணி, வயது ஐந்து, செவலை, மூஞ்சி மட்டும் கருப்பு. ஆய்வுக்காலம், சென்னையில் மச்சினன் கல்யாணத்துக்காக நாங்கள் வீட்டில் இல்லாத நான்கு நாட்கள்.

முதலில் ஆய்வுப்பொருளின் குலம். தாய்வழி கோம்பை என்று குட்டியைக் கொடுத்தவர் சொன்னார். தந்தைவழி பற்றி மௌனம் சாதித்தார். கோம்பை, உத்தமபாளையம் பக்கம் மலையடிவாரத்து ஊர். வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன நாயினத்துக்கு அந்த ஊர்ப் பெயரே இனப்பெயர். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இராஜபாளையத்துக்கு இடம் தந்தது, முதோலுக்குத் தந்தது, ராம்பூருக்கும் இமயமலை ஆட்டுநாய்க்கும் தந்தது, கோம்பையை விட்டுவிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் கோம்பையின் பெயரைச் சொன்ன பிறகுதான் எங்கள் தெருவில் கொஞ்சம் சமாதானமானார்கள். தபால்காரரைக் கண்டால் மணி இன்றும் குரைப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இவ்வாய்வில் கண்டறியப்படவில்லை.

இனி முன்னோர் நூல்கள். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிக்கும் குருளை என்று பெயர் சொல்கிறது தொல்காப்பிய மரபியல். பெயர் வைத்த இலக்கணம், அதை வைத்துக்கொண்டு வெளியூர் போவது எப்படி என்று சொல்லவில்லை. மகாபாரதத்தில் தருமன், கூட வந்த நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொர்க்கத்துக்கு அழைத்துப் போக வந்த தேரையே நிறுத்தி வைத்தான். இதை அறத்தின் உச்சம் என்பார்கள் உரைகாரர்கள். பக்கத்து வீட்டில் விட்டுவர அவனுக்கு ஒரு மதினி இல்லை என்பதே என் துணிபு. பழனி மலைக்கு அந்தப் பக்கம் ஆண்ட பேகனோ மயிலுக்குப் போர்வை கொடுத்ததால் கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆனான். அவன் வீட்டில் தனியே விட்ட மனைவி கண்ணகிக்காகக் கபிலரும் பரணரும் பரிந்து பேசியதைப் புறநானூற்றில் காணலாம். பிராணியைப் பார்த்துக்கொள்கிறவனை வைத்து வீட்டைப் பற்றி ஒரு முடிவுக்கும் வந்துவிடக் கூடாது.

அடுத்து, ஒப்படைக்கும் வாசகம். ‘ரெண்டு நாளைக்கு ஒரு எட்டு பாத்துக்கங்க மதினி.’ இதில் நாய் என்ற சொல் இல்லை. வேளை இல்லை, அளவு இல்லை, கூலி இல்லை. ‘ரெண்டு நாள்’ என்பது நான்கு முதல் பதினொன்று வரை எந்த எண்ணையும் குறிக்கும். ‘ஒரு எட்டு’ என்பது காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இருட்டியபின் டார்ச்சோடு ஒன்று. எல்லாவற்றையும் தாங்குவது ‘பார்த்துக்கொள்’ என்ற வினை. வினையோடு ‘கொள்’ சேர்ந்தால் இலக்கணத்தார் தற்பயன் என்பார்கள். செய்கிற காரியத்தின் பலன் செய்கிறவருக்கே சேரும். எழுதிக்கொண்டால் எழுதியவருக்கு, எடுத்துக்கொண்டால் எடுத்தவருக்கு. அப்படியானால் நாயைப் பார்த்துக்கொள்வதன் பலன் மதினிக்கே சேர்கிறது. பலன் பெறுகிறவருக்குக் கூலி எதற்கு?

சிரிக்க வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கின் பொருளாதாரமே அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. மலைமாடுகளை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் வருவார்கள். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை போடுவார்கள். நூறு மாடு படுத்து எழுந்த நிலத்துக்கு எரு வாங்க வேண்டாம். அதனால் கிடைக்கூலி கொடுப்பவர் மாட்டுக்காரர் அல்ல, நிலத்துக்காரர். அதாவது விருந்தாளிப் பிராணியை ஒரு ராத்திரி தன் இடத்தில் தங்க வைத்ததற்கு, தங்க வைத்தவரே காசு கொடுக்கிறார். பெங்களூரில் நாய்க்கு விடுதி நடத்தும் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். இன்னொரு முறை வாரம். ஆட்டுக்குட்டியையோ கன்றையோ ஒருவரிடம் வளர்க்க விட்டால் ஈனுவதில் பாதி அவருக்கு. நாயை வாரத்துக்கு விட்டால் எதில் பாதி என்று டீக்கடையில் இவ்வாய்வாளன் கேட்டபோது, ‘குரைப்புல பாதிய நீ வச்சுக்க, கடில பாதிய அவனுக்குக் குடு’ என்று தீர்ப்பு வந்தது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மே 27 காலையில் அது கம்பம் தெருக்களில் நடந்து வந்தது. பக்கத்து மாநிலத்திலிருந்து யாரும் மதில்மேல் எட்டி ‘ஒரு எட்டு பாத்துக்கங்க’ என்று சொல்லவில்லை. நம் வனத்துறைதான் ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பதிலுக்குப் பலகாரம் வந்ததாகவும் செய்தி இல்லை.

இப்போது சோதனை. அகல ரயில் பாதை வேலைக்காகப் பல வருடம் ரயிலே இல்லாமல் கிடந்த தேனிக்கு 2022 மே மாதம் ரயில் திரும்பியது. அடுத்த வருடம் ஜூனில் போடியிலிருந்து நேராகச் சென்னைக்கே வண்டி விட்டார்கள். மணியையும் அழைத்துப் போகலாமா என்று பார்த்தோம். முதல் வகுப்பில் ஒரு தனி அறை முழுவதையும் எடுத்தால் கூடவே வரலாம், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் கூண்டு. நாங்களே படுக்கை வகுப்பு. ஆகவே இவ்வாய்வாளன், நவீன முறையைப் பரிசோதிக்கும் பொருட்டு, செல்போன் வழியாக ஒரு தம்பியை அமர்த்தினான். ஒரு நாளைக்கு ஐநூறு ரூபாய், வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வார். தம்பி ஒரு படிவத்தோடு வந்தார். செல்லத்துக்குப் பிடித்த விளையாட்டு, பிடிக்காத ஓசை, உணவு ஒவ்வாமை. பிடித்த விளையாட்டு என்ற இடத்தில் ‘தபால்காரர்’ என்று எழுதினேன். உணவு என்ற இடத்தில் ‘கறிக்கடைக் கோழித்தலை, பழைய சோறு, எங்கள் தட்டு’ என்று எழுதினேன்.

நேர்காணல் கேட்டருகே நடந்தது. தம்பி மணியைப் பார்த்தார், மணி தம்பியின் கணுக்காலைப் பார்த்தது. ஆளை அமர்த்துவது வீட்டுக்காரர் என்ற கோட்பாடு அங்கேயே உடைந்தது. எங்கள் வண்டி ஆண்டிபட்டி தாண்டும்போது தம்பியிடமிருந்து போன் வந்தது. அவர் மாடிப்படியில் நிற்பதாகவும், மணி கீழே உட்கார்ந்திருப்பதாகவும், இருவருக்கும் அவசரம் எதுவும் இல்லை என்றும் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மதினிக்குப் போன் போட்டோம். அவர் பேசியதை அப்படியே பதிவு செய்கிறேன், ஆய்வின் முதன்மைத் தரவு இதுதான்: ‘ஏன் தம்பி, நான் என்ன செத்தா போய்ட்டேன்? காசு குடுத்து ஆள் வச்சிருக்கியாக்கும்?’

ஐநூறு ரூபாய் செலவு அல்ல, அவமானம் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் கூலிக்கு ஆள் வைப்பது, பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்று தெருவுக்கு அறிவிப்பது. திராட்சைத் தோட்டத்துக்குக் காவல் படுக்க ஆள் வைக்கலாம். நாற்று நட, களை எடுக்க ஆள் வைக்கலாம். மணிக்கு வைக்கக் கூடாது. மதினி சாவிகூடக் கேட்கவில்லை. காம்பவுண்டுச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த இடம் உண்டு, அதன் வழியே சோறு போயிற்று. தம்பிக்கும் போயிற்று. மதினியின் மாமா கடைசி மூன்று ராத்திரியும் எங்கள் திண்ணையில் ‘துணைக்கு’ப் படுத்தார். மணிக்குத் துணையா தம்பிக்கா என்று கேட்டால் சிரிக்கிறார்.

கணக்குத் தீர்ப்பது தனி இயல். பழனி போனால் பஞ்சாமிர்தம், சபரிமலை போனால் அரவணை, குமுளி வரை போனால் நேந்திரம் சிப்ஸ். சென்னைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கல்யாண வீட்டு அதிரசத்தையும் முறுக்கையும் ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தோம். வாளியை வெறுமனே திருப்பித் தருவது மரபல்ல. ஒரு வாரத்தில் முருங்கைக்காயோடு வந்தது. நாங்கள் கருப்பட்டி போட்டு அனுப்பினோம். பன்னீர் திராட்சையோடு வந்தது. இந்த வரி எழுதும்போது வாளி எங்கள் வீட்டில், காலியாக, அடுப்பங்கரை மேடையில் இருக்கிறது. மணி மூன்றரைக் கிலோ கூடிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் செங்கல் பெயர்ந்த இடத்தருகே போய் உட்கார்ந்துகொள்கிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது, வருவதில்லை.

நேற்று மதினி வந்தார். வருகிற வாரம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறார்களாம். பதினொரு கோழி, ஒரு கிடாரிக் கன்று, ‘ரெண்டு நாளைக்கு ஒரு எட்டு.’ இவ்வாய்வாளனுக்குக் கோழியை அடைக்கத் தெரியாது. கன்றுக்குத் தண்ணி காட்டப் போனால் அது முட்ட வருகிறது. பழனிசெட்டிபட்டிப் பக்கம் இருக்கும் வாசகர் யாருக்காவது இந்த வேலை பழக்கமிருந்தால் சாயங்காலம் ஆறு மணிவாக்கில் வந்து உதவவும். கூலி என்று மட்டும் மதினி காதுபடப் பேச வேண்டாம்.