சோம்பலின் வேதியியல்: சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உழைப்பையும் ஓய்வையும் எந்த விகிதத்தில் கலந்தால் மனிதன் உருப்படுவான் என்ற கேள்வியை அறிஞர்கள் இதுவரை தத்துவத் துறையிடமே ஒப்படைத்து வைத்திருக்கிறார்கள். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932-இல் சோம்பலைப் போற்றி ஒரு கட்டுரை எழுதி, நாளொன்றுக்கு 4 மணி நேர வேலை போதும் என்று வாதாடினார். பாவம், நிறைய வாதாட வேண்டியிருந்தது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆபீசை எட்டிப் பார்த்திருந்தால் அவருக்குப் பாதிப் பக்கம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் முன்னோர் கருத்துகளைப் பார்த்துவிடுவது ஆய்வு மரபு. சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாகச் சொல்வார்கள். ஓய்வறியா உழைப்புக்குக் கிடைத்த பட்டமாம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-இல் ஊரில் தொழில் தொடங்கினார்கள். அதே 1923-இல்தான் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி, எட்டு மணி நேர வேலையைப் பற்றிப் பேச வைத்தார். இதைத் தற்செயல் என்று தள்ளுவது ஆய்வாளனுக்கு அழகல்ல. தொடர்பு உண்டு என்று நிறுவவும் ஆதாரமில்லை. ஆகவே களத்துக்குப் போவோம்.

இந்த வட்டாரத்தில் ஆலை என்று யாரும் சொல்வதில்லை, வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான். வாசலிலேயே தீப்பெட்டி, பீடி, செல்போன் மூன்றையும் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். பெங்களூரு கம்ப்யூட்டர்காரர்கள் குடகு மலையில் ரூம் போட்டுப் பணம் கட்டிப் பெறும் செல்போன் விடுதலை, இங்கே காவலாளி கையால் இலவசமாகக் கிடைக்கிறது. உள்ளே ஆபீஸ் என்று சொல்ல ஒரு பெரிய கட்டடம் கிடையாது. வேப்பமரங்களுக்கு நடுவே ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். தரையில் ரப்பர் விரிப்பு. உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டு நுழைய வாசலருகே ஒரு உலோகத் தகடு. மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அலுமினியத் தூள் படிந்து அவர்களுடைய புருவம்கூட வெள்ளியாக மின்னும். இரும்புச் சாமான் ஆகாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது, ஓடக் கூடாது.

கவனிக்க வேண்டிய இடம் இது. உலகம் முழுக்க மேனேஜர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துகையில், அவசரப்படாதே என்று சுவரில் எழுதிப்போட்டு வேலை வாங்கும் தொழில் இது.

மருந்துக் கலவைக்கு வருவோம். வெயில் ஏறினால் ஆபத்து என்பதால் கலக்குகிறவர்கள் விடியலிலேயே தொடங்கி முற்பகலுக்குள் முடித்துவிடுவார்கள். ரஸ்ஸல் கேட்ட 4 மணி நேரத்தை ஏறக்குறைய வெப்பமானி வாங்கிக் கொடுத்துவிட்டது. அதைவிட நுட்பமானது மீதி மருந்து பற்றிய விதி. இன்று கலந்ததை இன்றே தீர்க்க வேண்டும். ராத்திரி ஈரம் பட்டு உள்ளுக்குள் சூடேறினால் மறுநாள் காலையில் கதவைத் திறப்பவர் கதி என்னவாகும் என்பது ஊருக்கே தெரியும். எனவே இங்கே தேவைக்கு மேல் உழைப்பதும் குற்றம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவதும் குற்றம். அளவாக உழைக்கும்படி நீதி நூல்கள் புத்தி சொல்லிப் பார்த்தன. வெடிமருந்துச் சட்டம் லைசென்சிலேயே எழுதிவிட்டது. வெடிபொருள் துறைத் தலைமையகம் தரும், நாக்பூர் லைசென்ஸ் என்று ஊரில் மரியாதையாகச் சொல்லும் காகிதத்தைப் பணி வாழ்க்கைச் சமநிலை குறித்த ஆவணமாக இதுவரை யாரும் வாசிக்காதது ஆய்வுலகின் குறை.

மழை பெய்தால் சரக்கு காயாது, இடி இடித்தால் வேலையை நிறுத்தியாக வேண்டும். ஆனால் மழை குறைந்த கரிசல் பூமி என்பதால்தான் இந்தத் தொழிலே இங்கே வந்தது. இயற்கை விடுமுறை தர மறுக்கும் ஊராகப் பார்த்துத்தான் முதலீடு செய்திருக்கிறார்கள்.

மகிழ்ச்சிக்கும் கணக்கு உண்டு. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பொருட்காட்சி, திரும்பும் வழியில் எண்ணெய்ப் பரோட்டா. குற்றால சீசன் மட்டும் தீபாவளி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் வந்து தொலைக்கும். அடுத்த ஆண்டுக் காலண்டரை ஆடி 18 அன்றே வெளியிட்டு, நாட்டுக்கே லீவு நாளைச் சிவப்பு மையில் அச்சிட்டுக் கொடுக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு அருவிக் குளியல் வாய்ப்பதில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க 2 மணி நேரம் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ஆண்டு முழுக்கச் செய்த சரக்கைத் தீர்க்க அந்த அவகாசம். உற்பத்திக்கும் மகிழ்ச்சிக்கும் இடையிலான விகிதத்தை நீதிமன்றமே மணிக்கணக்கில் நிர்ணயித்த தொழில் வேறொன்று இருந்தால் வாசகர் தெரிவிக்கலாம்.

இவ்வளவும் சரியென்றால் சிவகாசிக்காரர்தான் உலகிலேயே சமநிலை கண்ட மனிதராக இருக்க வேண்டும். இல்லை. காரணம் பீஸ் ரேட். சுவரில் மெதுவாகச் செய் என்று எழுதியிருக்கிறது. கூலி மட்டும் குரோஸ் கணக்கில். இரண்டில் எது ஜெயிக்கும் என்பதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை. பள்ளிக்கூட பீஸ் கட்ட வேண்டியவர் கை வேகமாகத்தான் ஓடும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் வெடி ஆபீஸ் விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி மாதங்களில்தான். தீபாவளி முடிந்ததும் ஆபீஸ் அடைத்துக் கிடக்கும் வாரங்களை ஓய்வுக் கணக்கில் எழுதும் ஆய்வாளர்களும் உண்டு. கூலியில்லாமல், வாங்கின அட்வான்சை நினைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பது ஓய்வு ஆகாது.

ஆகவே இந்த ஆய்வின் பரிந்துரை ஒன்றே. மருந்து செலுத்தும் அறையில் எண்ணிக்கைக் கூலியை ஒழித்து, கட்டுப்படியாகும் நாள் கூலி கொடுங்கள். ஆபீஸ் அடைக்கும் வாரங்களுக்கும் பாதியாவது கொடுங்கள். மருந்தின் அளவு நாக்பூர் பொறுப்பு, பட்டாசுத் தொழிலின் குறைந்தபட்சக் கூலியைத் தீர்மானிப்பது சென்னைக் கோட்டை. மனுவை அங்கே அனுப்புங்கள்.