மார்ஜார சயன விசாரம்

பூனை எங்கே படுக்க வேண்டும் என்னும் பிரச்சினை இதுகாறும் எந்தப் பண்டித சபையிலும் உரிய கௌரவத்தோடு விசாரிக்கப்படாமல் கிடப்பது நமக்கெல்லாம் வெட்கக்கேடு. சிவகாசி அச்சகங்களிலிருந்து வருஷந்தோறும் புறப்படும் தினசரி காலண்டர்கள், பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று அங்கம் அங்கமாக விஸ்தரிக்கின்றனவே ஒழிய, நாளில் 12 முதல் 16 மணி நேரம் நித்திரை செய்யும் ஒரு ஜீவன் நம்முடைய சலவை வேட்டியின்மேல் சயனித்தால் என்ன பலன் என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அந்தக் குறையை ஓரளவேனும் நிவர்த்திப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதலில் பிரத்தியட்சப் பிரமாணம். பருப்பும் மல்லியும் மிளகாய் வற்றலும் கைமாறும் விருதுநகரில், மண்டிப் பூனை துவரம்பருப்பு மூட்டையின்மேல் முழு நீளத்துக்கும் சாய்ந்து கிடப்பதையும், குத்தூசியோடு சாம்பிள் எடுக்க வருபவரை அரைக்கண் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொள்வதையும், வற்றல் மூட்டையை மட்டும் மோந்த மாத்திரத்தில் ஒரு தும்மலோடு கைவிடுவதையும் எவரும் காணலாம். இது உத்தியோக சயனம். தானியம் உள்ள இடத்தில் எலியும், எலி உள்ள இடத்தில் பூனையும் சேரும் இந்தச் சம்பந்தம் மிகப் பழையது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனித உடலுக்கு அருகே பூனை ஒன்று அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர் வெளியிட்டபோது, களஞ்சியத்தை நாடி வந்த பூனையே மனிதனுக்குத் துணையாயிற்று என்னும் கருத்துக்கு மேலும் வலு ஏற்பட்டது. விருதுநகர் மண்டிக்காரர்கள் இதைத் தோண்டிப் பார்க்காமலே அறிவார்கள்.

இனிக் கால பேதம். பூனையின் உடற்சூடு 38 டிகிரியைத் தாண்டியது. ஆகவே நாம் வியர்த்து விசிறும் வெயில் அதற்கு இதமாகவே இருக்கும். ஆயினும் அக்கினி நட்சத்திரத்தில் வெயில் 40ஐத் தொடும்போது, அந்த மகானுபாவனும் மொட்டை மாடியைத் துறந்து, துவைகல்லின் ஈரத்தையோ மண்பானை அடியையோ சரணடைகிறான். மார்கழியில் அடுப்பு. அடுப்பில் பூனை உறங்குகிறது என்று வறுமையைக் குறிப்பது நம்மவர் வழக்கு. பூனையின் கட்சியைக் கேட்டால், சாம்பலின் இளஞ்சூடு ஐசுவரியம் என்றே சாதிக்கும். காஸ் அடுப்பு வந்தபின் அந்த ஐசுவரியமும் போயிற்று.

இப்போது சித்தாந்தப் பகுதி. ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரும் இந்த விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால், வைணவப் பெரியோர் பூனையை முன்னிட்டு நடத்திய வாதத்தை இங்கே ஒதுக்க இயலாது. தாய்ப்பூனை கவ்விச் செல்ல, குட்டி தன் முயற்சி ஏதுமின்றிக் கிடப்பதுபோல் ஜீவன் கிடக்க வேண்டும் என்பது தென்கலையார் கூறும் மார்ஜார நியாயம். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றுவதுபோல் தானும் பற்ற வேண்டும் என்பது வடகலையார் கூறும் மர்க்கட நியாயம். புதிதாக மெத்தை வாங்கிய கிருகஸ்தர், அறிந்தோ அறியாமலோ, முந்தைய நியாயத்தை அனுசரித்துப் பூனையைத் தூக்கி அதில் கிடத்துகிறார். சரணாகதிக்கே உதாரணமான பிராணி அடுத்த க்ஷணம் எழுந்து, உடம்பை ஒருமுறை உதறி, அவருடைய கணக்கு நோட்டின்மேல் போய்ப் படுக்கிறது. காரணம் எளியது: ஆசாரியர்கள் சொன்னது குட்டியைப் பற்றி. பிடரியைக் கவ்வினால் துவண்டு அடங்குவது குட்டிப் பருவத்துச் சுபாவம். வளர்ந்த பூனையைப் பிடரியில் பற்றித் தூக்கினால் பயமும் நகக்கீறலுமே பலன். ஆகையால் சயன விஷயத்தில் மட்டும், பூனை வடகலை என்பது எமது துணிபு. மெத்தையை அது தானே வந்து பற்ற வேண்டும்.

பற்றச் செய்யும் உபாயங்களுள் தலையாயது அட்டைப்பெட்டி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட விரைவில் கலக்கம் தெளிந்தன என்று 2014இல் கண்டனர். சிவகாசியில் பெட்டிக்கா பஞ்சம்! ஆனால் மருந்துத்தூள் படிந்த பட்டாசுப் பெட்டி கூடவே கூடாது. தன் உடம்பைத் தானே நக்கும் பிராணிக்கு அது விஷம். காலண்டர் வந்த பெட்டி உத்தமம். அதில் நாம் உடுத்திக் களைந்த பழைய வேட்டியைத் துவைக்காமல் விரித்து, பீரோவின் தலையில் வைத்துவிட்டு, பூனையை அழைக்காமலும் அந்தப் பக்கம் திரும்பாமலும் இருப்பதே முறை. கன்னத்தை ஓரத்தில் தேய்த்துத் தன் வாசனையை ஏற்றிவிட்டதானால் பத்திரம் பதிவாயிற்று என்று கொள்ளலாம். பின்னர் அந்த வேட்டியைச் சலவைக்குப் போடுவது பதிவை ரத்து செய்வதாகும்.

தீபாவளிக்கு மட்டும் இவ்விதி செல்லாது. மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிட, பூனையின் செவியோ 60,000ஐயும் கடந்து கேட்பது; போதாததற்கு, நமக்குக் கேட்கும் ஒலிகளிலும் மெல்லியவற்றை அது பிடித்துவிடும். தெருவில் முதல் சரம் வெடித்ததும் அது பீரோவின் தலையை விட்டுப் பீரோவின் அடியில் புகும். ஆகவே பெட்டியை முந்தின நாளே கீழே இறக்கி, வாய் சுவரைப் பார்க்கும்படி உள்ளே தள்ளி வைக்க வேண்டியது. வால் மட்டும் வெளியே தெரிந்தால் இழுக்கக் கூடாது.