தலை இல்லாதவள் ஆளும் ஊர்

இந்த வாரம் முழுக்க ஒரே தொடர்: 'டுராராரா!!'

கேள்வி: பேய்க்கதை என்றால் பாழடைந்த பங்களாவும் அமாவாசையும் வேண்டாமா? டோக்கியோ நடுவில் பேய்க்கு என்ன வேலை?

பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை! செல்ட்டி ஸ்டர்லுசன் அயர்லாந்து நாட்டார் கதைகளில் சாவை முன்னறிவிக்க வரும் தலையற்ற 'டல்லஹன்'. திருட்டுப்போன தலையைத் தேடி ஜப்பானுக்கு வந்தவள், இகெபுகுரோவில் கூரியர் வேலை பார்த்துப் பிழைக்கிறாள். அவளுடைய குதிரை, ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் இல்லாத கறுப்பு பைக்காக உருமாறியிருக்கிறது. ரியோகோ நரிடா 2004இல் எழுதத் தொடங்கிய நாவல் வரிசையை, 'பிரெய்ன்ஸ் பேஸ்' ஸ்டுடியோவுக்காக தகாஹிரோ ஒமோரி 2010இல் அனிமேயாக இயக்கினார். அமானுஷ்யத்தை வாடகை வீட்டில் குடிவைத்ததுதான் இந்தத் தொடரின் முதல் பலம்.

கேள்வி: தலையே இல்லாத நாயகிக்கு முகபாவம் எங்கிருந்து வரும்?

தோளிலிருந்து, விரலிலிருந்து, கழுத்திலிருந்து எழும் கரும்புகையிலிருந்து. பேச வேண்டியதைக் கையடக்கக் கருவியில் தட்டிக் காட்டுவாள். அவசரமாகத் தட்டும் விரல்களிலேயே கோபமும் வெட்கமும் தெரிந்துவிடும். அவள் மனக்குரலாக ஒலிப்பவர் மியுகி சவாஷிரோ. ஊரே அவளைப் பார்த்து அலறும். அவளோ வேற்றுக்கிரகவாசிகளையும் போக்குவரத்துக் காவலரையும் நினைத்து நடுங்குவாள். தலைமறைவாக வைத்தியம் பார்க்கும் ஷின்ராவுக்கும் அவளுக்கும் உள்ள காதல், நான் அனிமேயில் பார்த்த மிக முதிர்ந்த காதல்களில் ஒன்று.

கேள்வி: அப்படியானால் கதாநாயகி செல்ட்டி. கதாநாயகன் யார்?

இகெபுகுரோ. கிழக்கு வாசலில் செய்பு, மேற்கு வாசலில் தோபு என்று இரண்டு பெரிய பல்பொருள் அங்காடிகள் காவல் நிற்கும் ரயில் நிலையம். 1978இல் ஜப்பானின் மிக உயரமான கட்டடமாக எழுந்த 'சன்ஷைன் 60'. அதை நோக்கி நீளும் கடைத்தெரு. தொடர் நிஜமான இந்த இடங்களை ஒட்டியே வரையப்பட்டது. முதல் பருவத்தில் கதைசொல்லியும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுகிறார். தெருவில் போகும் கூட்டத்தைப் பெரும்பாலும் சாம்பல் உருவங்களாகவே வரைந்திருக்கிறார்கள். அந்தச் சாம்பல் உருவங்களில் யார் வேண்டுமானாலும் நாளைக்கு வண்ணம் பெற்றுக் கதைக்குள் வரலாம். நகரத்தில் முதன்முறை வந்து இறங்கியவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையும் பயமும் இதுதானே!

கேள்வி: ஒரே ஓர் அத்தியாயம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

பதினொன்றாவது. ஆனால் முதல் பத்தையும் பார்த்தால்தான் அது பதினொன்றாவது. வெளியூரிலிருந்து வந்த மிகாடோ என்ற பரம சாதுப் பள்ளி மாணவன், கூட்டம் நிறைந்த வீதியில் மிரட்டலுக்கு நடுவே நிற்கிறான். கையில் இருப்பது கைப்பேசி மட்டும். ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறான். சுற்றிலும் மணி ஒலிக்கிறது, தலைகள் குனிகின்றன. பிறகு எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்புகின்றன. அடி விழாமல், ரத்தம் சிந்தாமல், வெறும் பார்வையால் வென்ற அப்படியொரு காட்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை. முகம் தெரியாதவர்கள் வலைவழியே ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2010லேயே காட்டிவிட்டார்கள்.

கேள்வி: புகழ்ந்தது போதும். குறையே இல்லையா?

இருக்கிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு மிகாடோ, மசாஓமி, அன்ரி ஆகிய மூன்று நண்பர்களிடமும் ஆளுக்கொரு ரகசியம். தேநீர்க் கடையில் பத்து நிமிடம் மனம் விட்டுப் பேசியிருந்தால் பாதிக் கலவரம் தீர்ந்திருக்கும். ரகசியம் முதல் பாதிக்கு எரிபொருள். இரண்டாம் பாதியில் அதுவே வேகத்தடை. 'மஞ்சள் துண்டு' என்ற தெருக் கும்பலின் கதை நீளும்போது அமானுஷ்யமும் ஓரங்கட்டப்படுகிறது. கட்டிய கதையைவிடக் கட்டிய ஊர் பெரிது என்பதுதான் இந்தத் தொடரின் பெருமை, சிக்கல் இரண்டும்.

கேள்வி: இஸாயாவைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவேன்!

வாருங்கள், அவன் எதிரி ஷிஸுவோ பக்கத்தில் நிற்கிறேன். தகவல் விற்றுப் பிழைத்து, மனிதர்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் இஸாயாவுக்கு ஹிரோஷி காமியாவின் குரல் வசீகரம் கூட்டுகிறது. ஆனால் எந்த முடிச்சை அவிழ்த்தாலும் அதன் முனையில் அவனே நிற்பது எழுத்தாளருக்கு வசதி, கதைக்கு நஷ்டம். தானியங்கி பான விற்பனை எந்திரத்தையே தூக்கி எறியும் ஷிஸுவோவிடம் அந்தச் சூழ்ச்சி இல்லை. சண்டையை வெறுப்பவன் கையில் இத்தனை பலம் சிக்கியதுதான் அவன் சோகம்.

கேள்வி: இவ்வளவு அடிதடி நடக்கும் ஊரில் சமாதானத் தூதர் யாருமில்லையா?

ரஷ்யா சுஷி கடை வாசலில் நோட்டீஸ் கொடுக்கும் சைமன். சண்டை போடுபவர்களைப் பிரித்துச் சாப்பிட அழைப்பார். ஐ.நா. சபை கவனிக்க!

கேள்வி: காதல் காட்சிகளை வீட்டில் எல்லோருடனும் பார்க்கலாமா?

செல்ட்டி, ஷின்ரா காதலைத் தாராளமாகப் பார்க்கலாம். செய்ஜி, மிகா என்ற இன்னொரு ஜோடியின் கதைதான் நெருடுகிறது. விடாமல் பின்தொடர்வதும் வெறியும் அங்கே வேடிக்கையாகக் கடந்துபோகின்றன. அப்படிக் கடந்துபோகும் விஷயமல்ல அது. ரத்தமும் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கேள்வி: 'ஜுஜுட்சு கைசென்' பார்த்தவனுக்கு இதில் சண்டை போதவில்லையே?

2023இல் வந்த ஷிபுயா அத்தியாயங்களை நானும் கண்கொட்டாமல் பார்த்தேன். அங்கே நகரம் போர்க்களம், இடிவதற்காக நிற்கிறது. இகெபுகுரோ வாழ்வதற்காக நிற்கிறது. சண்டை முடிந்த மறுநாள் காலை கடை திறப்பார்கள், பள்ளிக்கூட மணி அடிக்கும். அந்த மறுநாள் காலைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: இரண்டாம் பருவம் தேறுமா?

2015, 2016இல் மூன்று தவணைகளாக 36 அத்தியாயங்கள் வந்தன. இயக்குநர் அவரே, ஸ்டுடியோ மட்டும் 'ஷுகா'. புதுமுகங்கள் அலை அலையாக வந்து இறங்குகிறார்கள். ஒருவர் பெயரை மனதில் பதிப்பதற்குள் இன்னும் நான்கு பேர் வந்துவிடுவார்கள். ஓவியத்திலும் பழைய மெருகு இல்லை. ஆனால் முதல் பருவம் மூடி வைத்த கதவுகள் இங்கேதான் திறக்கின்றன. சாதுவான மிகாடோ எப்படி மாறுகிறான் என்பதற்காகவே பொறுமை காக்கலாம்.

கேள்வி: ஒரே வரியில் சொல்லுங்கள்: பார்க்கலாமா, வேண்டாமா?

பார்க்கவே வேண்டும்; கதை எப்போது முடியும் என்று கடிகாரம் பார்ப்பவர்கள் முதல் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம், மனிதர்களை வேடிக்கை பார்க்கப் பிடித்தவர்கள் கடைசிவரை போகலாம்.