பட்டா இல்லாத பாறை கிடையாது

மீன் வளர்த்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று சொல்கிறவர்கள் தங்கமீன் வளர்க்கிறவர்கள். அது தன்பாட்டுக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டு சுற்றி வரும். பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கொட்டாவி வரும். எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் நாலடி டேங்க் வேறு ரகம். அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால், தாலுகா ஆபீஸில் நில எல்லைத் தகராறு ஒன்றைப் பேசி முடித்துவிட்டு வந்த களைப்பு தட்டும். உள்ளே இருப்பவை டாங்கனிக்கா ஏரியின் சிக்லிட்கள். இவற்றை ‘முரட்டு மீன்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். முரடு இல்லை. சொத்து உணர்வு.

அந்த ஏரியின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். தான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா என நாலு நாடுகள் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் ஏரி. நீளம் சுமார் 670 கிலோமீட்டர். ஆழம் 1,470 மீட்டர். பைகால் ஏரிக்கு அடுத்து உலகிலேயே ஆழமானது இதுதான். இத்தனை தண்ணீர் இருக்கும்போது ஆளுக்கொரு மூலையில் நிம்மதியாக இருக்கக்கூடாதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் நூறு, இருநூறு மீட்டருக்குக் கீழே போனால் தண்ணீரில் பிராணவாயு இல்லை. ஏரியின் பெரும்பகுதி யாருக்கும் உதவாத புறம்போக்கு. மிச்சமிருக்கும் கரையோரப் பாறையிலும் மணலிலும் ஏறக்குறைய 250 வகை சிக்லிட்கள் லட்சக்கணக்கான வருஷங்களாக நெருக்கியடித்துக்கொண்டு குடியிருக்கின்றன. அங்கே பட்டா இல்லாத பாறை கிடையாது. பாறைகூட வேண்டாம், செத்துப்போன நத்தையின் காலி ஓட்டுக்கும் அங்கே உரிமையாளர் உண்டு. லாம்ப்ரோலோகஸ் கல்லிப்டெரஸ் என்று ஒரு மீன். ஆண், பெண்ணைப் போலப் பன்னிரண்டு மடங்கு எடை. பெண் ஓட்டுக்குள்ளே முட்டையிடும். ஆண் ஓடுகளை வாயால் கவ்வி இழுத்துவந்து தன் இடத்தில் குவித்து வைக்கும். பக்கத்து ஆணின் குவியலிலிருந்தும் திருடும். சில சமயம் உள்ளே பெண் இருக்கும்போதே ஓட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லாமல் வீட்டையே கொண்டுபோகும் கலை நம்மூர் ஆட்களுக்கே இன்னும் கைவரவில்லை.

நான் அவ்வளவு தூரம் போகாமல், பிரிச்சார்டி என்ற வகையோடு நிறுத்திக்கொண்டேன். நாலு அங்குலம்கூட வராத மீன். சந்தன நிறம், வாலின் இரண்டு முனையும் யாழ் நரம்பு போல நீண்டு, ஓரத்தில் வெள்ளையும் நீலமும் கலந்த கோடு. புருண்டியிலிருந்து வண்ண மீன்களை ஏற்றுமதி செய்த பெல்ஜியக்காரர் பியர் பிரிச்சார் பெயரை 1974-இல் இதற்கு வைத்தார்கள். வியாபாரத்தில் இதற்கு ‘புருண்டி இளவரசி’ என்றும் பெயர் உண்டு. இளவரசிதான், நிலவரி வசூலிக்கிற இளவரசி.

சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் வாங்கும்போதே கடைக்காரர் எச்சரித்தார். “பாக்கத்தான் சார் சாது. சின்னதா ஏழெட்டு வாங்கி விடுங்க, அதுங்களே ஜோடி சேர்ந்துக்கும். ஜோடி ஆயிடுச்சுன்னா மத்ததை எடுத்துருங்க.”

“எடுக்கலேன்னா?”

“அதுவே எடுத்துரும் சார்.”

டேங்க் நிறையப் பாறை அடுக்கி, பொந்து பொந்தாக விட்டு, குஞ்சுகளை இறக்கினேன். சில மாதங்கள் எல்லாம் ஒன்றாகத் திரிந்தன, ஒன்றாகச் சாப்பிட்டன. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்தவர்களிடம் ‘முரட்டு மீன்னு சும்மா சொல்றாங்க’ என்று நானே பேசியிருக்கிறேன். பிறகு ஒருநாள் காலையில் அம்மாதான் கூப்பிட்டார்.

“ஏண்டா, எல்லாம் ஏன் மேல அந்த மூலையில ஃபில்டர் குழாய்க்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டு நிக்குது? கீழதான் அவ்வளவு எடம் காலியா கெடக்கே?”

கீழே இடம் காலியாக இல்லை. விற்றுப்போயிருந்தது. இடதுபக்கப் பெரிய பாறையின் அடியில் ஒரு ஜோடி, செவுளை விரித்துக்கொண்டு நின்றது. டேங்கின் முக்கால் பாகம் அவர்கள் பேரில் கிரயம் ஆகிவிட்டது. மேல் மூலையில் நின்றவற்றின் வால்கள் கந்தலாகியிருந்தன. அன்றைக்கே அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றினேன். அம்மா இன்னும் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூஞ்சி ஜிலேபிக் கெண்டை மாதிரியே இருக்கேடா.”

ஜிலேபியும் சிக்லிட் குடும்பம்தான், ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, விட்ட குளத்தையெல்லாம் தனதாக்கிக்கொண்டது என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப கொழம்பு வைக்கலாம்” என்றார். அறிவியலை இவ்வளவு சுருக்கமாக முடித்துவைக்க அம்மாவால்தான் முடியும்.

ஒரு விஷயத்தில் இந்த மீன்களைப் பாராட்டியே ஆகவேண்டும். சென்னையில் மீன் வளர்ப்பவர்களின் நிரந்தரப் புலம்பல் போர் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து, பக்கெட் அடியில் சுண்ணாம்பு கட்டும் தண்ணீர். மென்மையான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீன் வளர்க்கும் நண்பர் ஆர்.ஓ. தண்ணீரைக் கேன் கேனாகச் சுமந்து இடுப்பு பிடித்துக்கொண்டு கிடக்கிறார். டாங்கனிக்கா ஏரித் தண்ணீரோ இயற்கையிலேயே கடினம், பிஎச் 9-ஐத் தொடும் காரம். எங்கள் தெருத் தண்ணீரை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட விருந்தாளிகள் இவர்கள் மட்டும்தான். வெயில்தான் ஒத்துக்கொள்வதில்லை. அக்னி நட்சத்திரம் வந்ததும் ஹாலில் இருந்த டேபிள் ஃபேன் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று வீசப் போய்விடுகிறது. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் வியர்க்காத ஜீவன்கள் அவைதான்.

நிலத்தகராறைத் தீர்க்க வளர்ப்பவர்களிடையே ஒரு பழைய வைத்தியம் உண்டு. கற்களையெல்லாம் கலைத்து மாற்றி அடுக்குவது. எல்லைக்கல்லையே பிடுங்கிவிட்டால் பழைய பத்திரமெல்லாம் செல்லாது. எல்லாரும் புதிதாக இடம் தேடும் மும்முரத்தில் சண்டையை மறந்துவிடுவார்கள். புது மீன் விடும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எல்லா மீனுக்கும் இந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது. ஜூலிடோக்ரோமிஸ் மார்லியரி என்று கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு மீன். அதில் பெண்தான் பெரிசு, அதிகாரமும் அங்கேதான். ஜோடி சேர்ந்துவிட்டால் ஒரே பொந்தில் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தும். நண்பர் ஒருவர் போகிக்கு டேங்கைச் சுத்தம் செய்கிறேன் என்று கற்களை எடுத்துக் கழுவி, முன்னைவிட அழகாக அடுக்கிவைத்தார். அந்தம்மாவுக்கு வீடு மாறியதும் வீட்டுக்காரரையே அடையாளம் தெரியவில்லை. பொங்கலன்று ஆண் மீன் மேலே ஹீட்டர் மாட்டும் கிளிப்பில் ஒளிந்துகொண்டிருந்தது. அந்தக் கல்யாணம் கல்லோடு நடந்தது, மாப்பிள்ளை அதனோடு சேர்ந்து வந்தவர், அவ்வளவுதான்.

நம்ம ஜோடிக்கு வருவோம். பொந்தின் கூரையில் முட்டை, சில நாளில் பாறையைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குஞ்சு. ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலை முட்டையிலிருந்து பொரிக்கவைத்துப் போட்டேன், குஞ்சுகள் வளர்ந்தன. அடுத்த ஈடு வந்தபோதுதான் வேடிக்கை. குஞ்சுகளைக் காக்கும் மீன்களில் பெரும்பாலானவை இரண்டாவது ஈடு வருவதற்குள் முதல் ஈட்டை விரட்டிவிடும், இல்லாவிட்டால் அண்ணன்மார் தம்பிகளைத் தின்றுவிடுவார்கள். பிரிச்சார்டி வீட்டில் அண்ணன் அக்காமார் தங்கி வேலை செய்கிறார்கள். முட்டைக்கு விசிறுவது, பொந்தில் சேரும் மணலை வாயில் அள்ளி வெளியே துப்புவது, தம்பி தங்கைகளின் பக்கம் யார் வந்தாலும் பாய்வது. அரை அங்குலம் இருக்கும் பையன் என் சுண்டுவிரலைக் கடிக்க வந்ததை நான் பெருமையோடு பார்த்தேன்.

பாசம் என்று நினைத்துவிடக்கூடாது. மிக்கேல் டபோர்ஸ்கி என்ற ஆய்வாளர் 1980-களிலேயே இந்த உதவிக்காரர்களின் வரவு செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். வேலை செய்யும் மீன் மெதுவாகத்தான் வளர்கிறது, அது நஷ்டம். பதிலுக்குப் பெரியவர்களின் எல்லைக்குள் பாதுகாப்பு, அது லாபம். பிரிச்சார்டியின் உடன்பிறப்பான புல்கர் என்ற வகையில் நடந்த சோதனைகளில், உதவிக்காரரைக் கொஞ்ச நேரம் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டால் வீட்டுக்காரர்கள் அடிக்க வருகிறார்கள். எங்கே போயிருந்தே, வேலையெல்லாம் யார் செய்வது என்ற தோரணை. அதாவது இவர்கள் பிள்ளைகள் இல்லை, குடித்தனக்காரர்கள், வேலையே வாடகை. சில குடும்பங்களில் உதவிக்காரருக்கும் ஜோடிக்கும் ரத்த சம்பந்தமே இருக்காது. பெரிசு போய்ச் சேர்ந்தால் அந்த இடம் வரிசையில் நிற்பவருக்கு வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. முப்பது வயது மகன் அப்பா வீட்டில் தங்கியிருப்பதைப் பற்றி நம் சொந்தக்காரர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டு மாதப் பிரிச்சார்டியிடம் கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருக்கும்.

ஒருவருக்கொருவர் அடையாளம் தெரியாத கூட்டம் என்றும் சொல்லமுடியாது. ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தில் கோடா என்பவரின் குழு, புல்கர் மீன்களுக்குத் திரையில் படங்களைக் காட்டிப் பார்த்தது. பழகிய மீனின் உடம்பில் பழகாத முகம், பழகாத உடம்பில் பழகிய முகம் என்று மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார்கள். மீன்கள் உடம்பைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கோடுகளைப் பார்த்தே, அரை வினாடிக்குள், இது நம்மாளா வெளியாளா என்று முடிவு கட்டிவிட்டன. இது 2015-இல் வெளிவந்தது. எங்கள் அடுக்குமாடியில் செக்யூரிட்டி இன்னமும் என்னிடம் எந்த ஃபிளாட் என்று கேட்கிறார்.

சிக்கல் ஈடுகள் நிற்காததில்தான். மூன்றாவது, நாலாவது என்று வந்துகொண்டே இருந்தன. கடைக்காரரிடம் கேட்டேன். “சின்னதுன்னா குடுங்க சார், பெருசு வேணாம். எங்க தொட்டியில விட்டா மத்ததை வாழ விடாது” என்றார். சின்னதைப் பிடிக்கலாம் என்றால் வலையைக் கண்டதும் அத்தனையும் பாறைக்குள்ளே போய்விடும். பிடிக்க வேண்டுமானால் கற்களை எடுக்கவேண்டும். கற்களை எடுத்தால் மூன்று தலைமுறைப் பட்டாவும் ரத்து. அன்றிரவு உள்ளே என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் இருட்டில் டார்ச் அடித்து, தூங்கி வழிந்துகொண்டு வெளியே நிற்பவர்களாகப் பார்த்துச் சின்ன டம்ளரால் மொண்டு எடுத்தேன். நிலமில்லாத ஏழைகள்தான் வெளியே தூங்குவார்கள் என்பதால், ஒவ்வொரு முறையும் ஊர் கடத்தப்பட்டவர்கள் அவர்களே.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் ஆசையாக வாங்கிப்போனார். இரண்டடி டேங்க்தான், ஆனால் ஆர்வம் பெரிது. அவருடைய கல்லூரி நண்பருக்கும் கொடுத்தேன், அவருடைய அண்ணிக்கும். கொஞ்ச காலம் நானே இந்த வட்டாரத்துக்கு ஒரே கொடையாளி என்ற கௌரவத்தோடு நடமாடினேன். போன வாரம் பால் வாங்கப் போனபோது தம்பி வண்டியை நிறுத்திவிட்டு, மிகுந்த மரியாதையோடு தலையைச் சொறிந்தார்.

“சார், நம்ம மீன் நல்லா செட் ஆயிடுச்சு. ஒரு சின்ன உதவி. முப்பது குஞ்சு கூடுதலா இருக்கு, உங்க டேங்க்ல எடம் இருக்குமா?”