முதலாண்டு பி.காமுக்கு அக்கவுண்ட்ஸ் எடுப்பது எப்படி?

முதலாண்டு அக்கவுண்ட்ஸ் உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? பதற வேண்டாம். உள்ளே நுழைந்ததும் மூன்று பொன் விதிகளையும் போர்டில் எழுதிவிடுங்கள். வாங்குபவர் டெபிட், கொடுப்பவர் கிரெடிட். உள்ளே வருவது டெபிட், வெளியே போவது கிரெடிட். செலவும் நட்டமும் டெபிட், வருமானமும் லாபமும் கிரெடிட். ஏன் என்று ஒருவர் வாய் திறப்பதற்குள், "நாளைக்கு ஒப்பிக்கணும்" என்று சொல்லிவிட்டால் பாதி செமஸ்டர் முடிந்த மாதிரிதான்.

பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்களிடம் "தெரிஞ்சதுதானே" என்று சொல்லுங்கள். சயின்ஸ் குரூப்பிலிருந்து வந்தவர்களிடம் "அவங்களைக் கேட்டுக்கோங்க."

இரட்டைப் பதிவு முறையை விளக்கி 1494-இல் வெனிஸில் அச்சான பச்சோலியின் புத்தகம் இரண்டு மார்க் கேள்விக்கு உதவும். ஆண்டைச் சொல்லிவிட்டு நகருங்கள். அந்த ஊர் வியாபாரிகள் ஒரே தொகையை ஏன் இரண்டு இடத்தில் எழுதினார்கள் என்ற ஆராய்ச்சியெல்லாம் நமக்கெதற்கு?

ஒரே ஒரு கண்டம் உண்டு. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் செல்போனோடு எழுந்திருப்பாள்: "சார், பணம் உள்ள வந்தா டெபிட்னீங்க. அப்பா எனக்குப் பணம் போட்டா பேங்க் கிரெடிட்டுனு மெசேஜ் அனுப்புதே?"

வருடத்திலேயே உருப்படியான கேள்வி இதுதான், அதனால்தான் ஆபத்து. அந்த மெசேஜ் வங்கியின் புத்தகத்திலிருந்து வருகிறது, அங்கே உன் பணம் வங்கி உனக்குத் தர வேண்டிய கடன், ஆகவே கிரெடிட். உன் நோட்டிலோ அதே பணம் டெபிட் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டீர்கள் என்றால் தொலைந்தது. வகுப்பு விழித்துக்கொள்ளும். எந்தக் கணக்கு வந்தாலும் "இது யாரோட புத்தகம் சார்?" என்பார்கள். மளிகைக் கடைக்காரர் மகன், வீட்டுக்கு எடுத்துப்போகிற அரிசியை அப்பா கணக்கில் எழுதுவதா என்று ஆரம்பிப்பான். போர்ஷன் எப்போது முடிப்பது? "அது பேங்க் ரீகன்சிலியேஷன்ல வரும்மா, உட்காரு" என்பதே உத்தமம். அந்தப் பாடம் வரும்போது நேராக ஃபார்மட்டுக்குப் போய்விடுங்கள்.

டிரையல் பேலன்ஸ் இடிக்கிறதா? வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்ற சூட்சுமத்தை வெளியே விடாதீர்கள், தப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்டைக் காட்டிக்கொடுங்கள். அப்புறம் எல்லாருக்கும் டேலி ஆகும். டேலி ஆனதெல்லாம் சரியான கணக்கில்லை என்பதையும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். 50,000 ரூபாய் மெஷினைக் கொள்முதலில் ஏற்றிய பையனுக்கும் இரண்டு பக்கமும் ஒரே தொகைதான் வந்திருக்கும். அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டிருக்கிறானா என்று மட்டும் பார்த்து டிக் அடியுங்கள்.