‘கேட்கக் கேட்கப் பிடிக்கும்’: ஸ்ரீமதுரையை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

நீலகிரியின் கூடலூருக்குப் பக்கத்தில், முதுமலைக் காட்டை ஒட்டி இருக்கிறது ஸ்ரீமதுரை. வயலும் தேயிலையும் காப்பியும் மிளகும் கலந்த ஊர். யானைக்குப் பயந்து இருட்டியதும் நடமாட்டம் அடங்கிவிடும். ஆகவே இசை பற்றிய ஆழ்ந்த விவாதங்கள் யாவும் காலை டீக்கடையிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. அவற்றின் ஆதாரமான வாக்கியம் ஒன்று இதுவரை அறிஞர் பெருமக்களின் பார்வையில் படாமலே போய்விட்டது.

புதுப் பாட்டு வெளியான மறுநாள். இளைஞர் ஒருவர் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திப் பாட்டைப் போடுகிறார், டம்ளர்தான் ஸ்பீக்கர். பெரியவர் டீயை ஆற்றியபடி, “என்ன தம்பி, ஒரே எரைச்சலா இருக்கு?” என்கிறார்.

“மொதல் தடவை அப்படித்தாண்ணே இருக்கும். கேக்கக் கேக்கப் பிடிக்கும்.”

வாதம் முடிந்தது. பிடித்துவிட்டால் கோட்பாடு மெய்யாகிவிடுகிறது. பிடிக்காவிட்டால், இன்னும் போதிய தடவை கேட்கவில்லை என்று ஆகிறது. மறுக்கவே வழியில்லாத இப்படியொரு தேற்றம் தர்க்க சாஸ்திரத்திலும் அபூர்வம். ஏ.ஆர். ரஹ்மான் ரசிகர்கள் இதையே ‘ஸ்லோ பாய்சன்’ என்பார்கள். அது இக்கோட்பாட்டின் மருத்துவக் கிளை.

சரி, எத்தனை தடவை? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1968இல் இதைச் சோதித்தார். அர்த்தமில்லாத சொற்களையும் சீன எழுத்தைப் போன்ற குறிகளையும் எடுத்து, சிலவற்றை ஒருமுறை, சிலவற்றைப் பலமுறை, அதிகபட்சம் 25 முறை காட்டினார். அடிக்கடி கண்டதையே மக்கள் விரும்பினார்கள். அர்த்தமில்லாத சொற்கள் என்றதும் வாசகருக்குச் சில பாடல் வரிகள் நினைவுக்கு வந்தால் அதற்கு ஸையன்ஸ் பொறுப்பல்ல.

இந்த 25 முறையை நீலகிரியில் எட்டுவது ஒரு காலத்தில் மிகச் சுலபம். கூடலூரிலிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர்; நடுவட்டம் வழியாக ஏறினால் பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 60 நிமிட கேசட் ஒன்று, இரு பக்கமும் சேர்த்து, அதற்குள் இரண்டு தடவை ஓடிவிடும். போய்த் திரும்பினால் நான்கு. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவர் சனிக்கிழமைக்குள் 24ஐத் தொட்டுவிடுவார். டிரைவரின் ரசனையை யாரும் எதிர்க்க முடியாது, கொண்டை ஊசி வளைவில் நிச்சயமாக முடியாது.

வீட்டிலும் இதே கதைதான். பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக ஃபார்வர்டு அழுத்தினால் பேட்டரி தீரும், டேப் சிக்கும், அப்புறம் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். அதற்குப் பாட்டையே கேட்டுத் தொலைக்கலாம். ரெக்கார்டிங் கடையில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தாலும், கடைசியில் மிஞ்சும் டேப்பில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டுவிடுவார். அது பாதி சரணத்தில் ‘டக்’கென்று அறுந்து நிற்கும். அந்தப் பாதிப் பாட்டுகளின் மேல் ஒரு தலைமுறைக்கே தீராத மோகம்.

விமர்சகர்களின் துயரம் இங்கேதான் விளங்குகிறது. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய கல்கியும் சரி, பின்னால் வந்த சுப்புடுவும் சரி, சபாவில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதியாக வேண்டியவர்கள். ரசிகரோ 25ஆவது தடவையில் நின்றுகொண்டு பேசுகிறார். இருவரும் கேட்டது ஒரே பாட்டு என்று எப்படிச் சொல்வது?

இன்று விரலால் ஒரு தள்ளு. பாட்டு போயே போச்சு. இரண்டாம் தடவைக்கே வழியில்லை. அதற்கு ரசிகர்கள் கண்ட மாற்று, சண்டை. 2025இல் ‘தக் லைஃப்’ படத்தின் ‘முத்த மழை’யைத் தமிழில் பாடகி தீ பாடியிருந்தார், இசை வெளியீட்டு மேடையில் சின்மயி பாடினார். யார் பாடியது மேல் என்று கட்சி கட்ட, இரண்டையும் மாறி மாறிக் கேட்டாக வேண்டியிருந்தது. ஜூன் 5 அன்று படம் வந்தபோது பாட்டு படத்திலேயே இல்லை. கட்சிகள் கலையவில்லை.

இன்னொரு மாற்று, பழைய பாட்டைப் புதுப் படம் எடுத்துக்கொள்வது. இது புதிதன்று. வாய்ப்பாட்டை நம்பாமல் 1986இல் இளையராஜா தந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை இரண்டே வருடத்தில் பாலு மகேந்திரா ‘வீடு’ படத்தின் பின்னணிக்கு எடுத்துக்கொண்டார். 1991 தீபாவளிக்குத் ‘தளபதி’யோடு மோதிய ‘குணா’வின் பாட்டு, 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தில் ஒலித்து, அது பிறந்த காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும் ஸ்ரீமதுரையில் இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. “நம்ம பாட்டு” என்று இரு தரப்பும் உரிமை கோரின. இதை ‘மறுகண்டுபிடிப்பு’ என்பது மிகை. அந்தப் பாட்டு என்றைக்குமே தொலைந்ததில்லை. ஆதித்யன் இசையமைத்த ‘அசுரன்’ (1995) படப் பாட்டை 2022இல் ‘விக்ரம்’ மீட்டதுதான் அசல் புதையல்.

ஆனால் கோட்பாட்டைச் சரியாகப் புரிந்துகொண்ட படம் 2024இல் வந்த ‘லப்பர் பந்து’. அதில் விஜயகாந்த் ரசிகராக வரும் கெத்து என்ற பாத்திரம் மட்டையோடு இறங்கினால் ‘பொன்மனச் செல்வன்’ (1989) பாட்டு முழங்கும். திரும்பத் திரும்பக் கேட்கவைக்கும் பஸ் டிரைவரின் வேலையைப் படமே செய்துவிட்டது. அதன் பிறகு டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடக்கிற மைதானங்களில் மைக்செட்காரர் ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் அதையே போடுகிறார். அவுட் ஆனதும் நிறுத்திவிடுகிறார். பல்லவி முடியுமுன் அவுட் ஆகிறவர்களே அதிகம் என்பதால், சரணம் பற்றிக் கருத்துச் சொல்லும் நிலையில் இன்னும் பலர் இல்லை.